பரோட்டா முதல் பிசிஆர் வரை: உயிர்மூலக்கூறுகளைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ளவேண்டும்?

காப்பிக்கடையில் ஒரு தட்டுப் பரோட்டா, ஒரு கிண்ணம் பருப்புக் குழம்பு, ஒரு தே தாரிக் வாங்கி உட்காருகிறீர்கள்.

மாவில் இருப்பது மாவுச்சத்து. மாவை வீசி அடிக்கும்போது தடவும் நெய்யும் எண்ணெயும் கொழுப்பு. பருப்பில் புரதம். கோதுமையும் பருப்பும் ஒரு செடியின் விதைகள்தானே? அதனால் அவற்றின் உயிரணுக்களில் டிஎன்ஏவும் உண்டு.

ஆக, உயிரினங்களைக் கட்டியெழுப்பும் 4 பெரிய மூலக்கூறு வகைகளும் அந்த ஒரே மேசையில் இருக்கின்றன.

உயர்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் போயிருப்பீர்கள். ஆனால் தாத்தாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, பானத்தின் மேல் உள்ள தர முத்திரை, கொவிட்-19 காலத்தில் மூக்கில் விட்ட ஏஆர்டி குச்சி எல்லாமே அந்தப் பாடம்தான்.

உயிர்மூலக்கூறுன்னா என்ன?

உயிரணு ஒன்றின் எடையில் சுமார் 70 விழுக்காடு தண்ணீர். மிச்சத்தின் பெரும்பகுதி 4 வகைகளுக்குள் அடங்கிவிடும்: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம்.

இவற்றில் இருக்கும் அணுக்கள் அப்படியொன்றும் அரியவை அல்ல. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ், கொஞ்சம் கந்தகம். அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் அவை எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எளிது.

பெரிய மூலக்கூறுகளில் பல, எம்ஆர்டி ரயிலைப் போல. சிறுசிறு பெட்டிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீளமாகின்றன. இரண்டு பெட்டிகளைக் கோக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அதே இணைப்பை உடைக்க ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வரவேண்டும். செரிமானம் என்பது பெரும்பாலும் இந்தக் கழற்றும் வேலைதான். கழற்றுவதற்கு ஆளுக்கொரு கருவி வேண்டும். அந்தக் கருவிதான் என்சைம் எனப்படும் நொதி. சரியான நொதி இல்லையென்றால் உணவு வயிற்றுக்குள் போயும் பயனில்லை.

சோறும் சட்டையும் ஒரே பொருளா?

ஆமாம், ஒருவகையில்.

சோற்றில் உள்ள மாவுச்சத்து, குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. நீங்கள் போட்டிருக்கும் பருத்திச் சட்டை கிட்டத்தட்ட முழுக்க முழுக்க செல்லுலோஸ். அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். இரண்டிலும் பெட்டி ஒன்றே. கொக்கி மட்டும் வேறு. மாவுச்சத்தில் கொக்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும், சங்கிலி சுருண்டு போகும். செல்லுலோஸில் கொக்கி மறுபக்கம் திரும்பியிருக்கும், சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

மாவுச்சத்தின் கொக்கியைக் கழற்றும் நொதி உங்கள் எச்சிலிலேயே இருக்கிறது. வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். செல்லுலோஸைக் கழற்றும் நொதியோ மனித உடம்பில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாகக் கிடையாது. அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. கீரையில் இருக்கும் செல்லுலோஸ் நமக்குச் சக்தி தராவிட்டாலும் வீணில்லை. அதுதான் நார்ச்சத்தின் ஒரு பகுதி.

சரி, சீனி? அதில் இரண்டே பெட்டிகள். ஒன்று குளுக்கோஸ், இன்னொன்று ஃபிரக்டோஸ். பாலில் இருக்கும் லாக்டோஸும் இரண்டு பெட்டிதான். அதைக் கழற்றும் நொதி குழந்தைப் பருவத்தில் நிறைய இருக்கும். ஆசியர்களில் பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் சாக்குச் சொல்லவில்லை. கழற்றப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன.

அரிசிக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மாவுச்சத்துச் சங்கிலிகளில் இரண்டு ரகம். ஒன்று கிளை அதிகம் இல்லாத அமைலோஸ், இன்னொன்று கிளைகிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். பாசுமதியில் அமைலோஸ் சற்று அதிகம் என்பதால் சோறு உதிரி உதிரியாக வரும். புளூட் அரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லை, அதனால் பசைபோல் ஒட்டும். கிளைகள் அதிகம் என்றால் நொதி வேலையைத் தொடங்க முனைகளும் அதிகம். அதனால்தான் புளூட் அரிசி வேகமாகச் செரித்து, ரத்தத்தில் குளுக்கோஸைச் சட்டென்று ஏற்றிவிடும்.

இன்னொரு செய்தி: ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி மறுபடி இறுகிக்கொள்ளும். அந்தப் பகுதியை நொதியால் எளிதில் கழற்ற முடியாது. பழைய சோற்றைப் பற்றி இணையத்தில் வரும் புகழுரைகளில் இது உண்மை. ஆனால் "சிறு பகுதி" என்பதை மறந்துவிடாதீர்கள். மிச்சமெல்லாம் சோறுதான்.

பானத்தின் மேல் ஏன் எழுத்து போடுறாங்க?

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், சரியாக ஓராண்டு கழித்துக் கடைகளில் அவ்வப்போது தயாரிக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை நடப்புக்கு வந்தது. ஏ முதல் டி வரை 4 தரங்கள்.

100 மில்லிலிட்டர் பானத்தில் 5 கிராமுக்கு மேல் 10 கிராம் வரை சர்க்கரை இருந்தால் சி. 10 கிராமுக்கு மேல் போனால் டி. டி தரப் பானங்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது.

100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்பது சின்னதாகத் தெரியலாம். 330 மில்லிலிட்டர் டின் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 33 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம் என்று வைத்துக்கொண்டால் 8 தேக்கரண்டி. தேநீரில் அத்தனை போட்டால் நீங்களே குடிக்கமாட்டீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: முத்திரை சர்க்கரையை மட்டும் பார்ப்பதில்லை. நிறைவுற்ற கொழுப்பையும் பார்க்கிறது. டின் பால் ஊற்றிய பானத்தில் இரண்டுமே இருக்கும். "சியூ டாய்" என்று கேட்டால் இனிப்பு குறையும். "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் இல்லை, சீனியும் இல்லை.

கொழுப்புன்னாலே கெட்டதா?

இல்லவே இல்லை. கொழுப்பு இல்லாவிட்டால் உங்களுக்கு ஓர் உயிரணுகூட இருக்காது.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடவேண்டும். கொழுப்பு ரயில்போல் நீளமான சங்கிலி இல்லை. கிளிசரால் என்ற சிறிய தலை, அதில் தொங்கும் 3 கொழுப்பு அமில வால்கள். இந்தக் குடும்பத்தை ஒன்றுசேர்ப்பது வடிவம்கூட இல்லை. தண்ணீரோடு கலக்காது என்ற குணம்தான்.

வால் நேராக இருந்தால் நிறைவுற்ற கொழுப்பு. நேரான வால்கள் தீப்பெட்டிக் குச்சிகளைப் போல நெருக்கமாக அடுங்கும், அதனால் எளிதில் உறையும். வாலில் ஒரு வளைவு இருந்தால் நெருங்கி அடுங்க முடியாது, திரவமாகவே இருக்கும். நல்லெண்ணெய் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்றது. அது உருகுவது ஏறத்தாழ 24, 25 டிகிரி செல்சியஸில். சிங்கப்பூர் வெப்பத்தில் போத்தலில் தண்ணீராக இருக்கும் எண்ணெய், குளிரூட்டிய அறையில் வெள்ளையாக உறைவது அதனால்தான். கலப்படமோ என்று பயப்படவேண்டாம்.

திரவ எண்ணெயைத் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் சேர்த்து ஓரளவு கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. வளையவேண்டிய வால் அதில் நிமிர்ந்துவிடுகிறது. இதயத்துக்கு இது மிகவும் கெடுதல். ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களை உணவில் சேர்ப்பதற்குச் சிங்கப்பூர் 2021 ஜூன் முதல் தடை விதித்தது.

கொழுப்பின் மிக முக்கியமான வேலை வேறு. 3 வால்களில் ஒன்றுக்குப் பதிலாகப் பாஸ்பேட் இருந்தால் அது பாஸ்போலிப்பிட். தலை தண்ணீரை விரும்பும், வால்கள் வெறுக்கும். தண்ணீரில் விட்டால் இவை தாமாகவே இரண்டு அடுக்காக அணிவகுத்து, வால்களை உள்ளே ஒளித்துக்கொள்ளும். நம் உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் சவ்வு இதுதான். கொரோனா கிருமியின் மேலுறையும் இதே பொருள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்துக் கிழித்துவிடுகிறது.

கொலஸ்ட்ராலும் இந்தக் குடும்பம்தான். உடம்பே அதைத் தயாரிக்கிறது. அதிலிருந்துதான் பாலியல் ஹார்மோன்கள் உருவாகின்றன. வெயில் பட்டு நம் தோலில் வைட்டமின் டி உருவாவதும் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய ஒரு மூலக்கூறிலிருந்துதான். செடிகளில் கொலஸ்ட்ரால் அநேகமாக இல்லை. ஆகவே சமையல் எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பொய் இல்லை, ஆனால் பெருமைப்பட ஒன்றுமில்லை. தாவர எண்ணெய் எதிலும் பொருட்படுத்தும் அளவு இருக்காது. பின்பக்கம் திருப்பி, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது பெரும்பாலும் அதுதான்.

சக்திக் கணக்கு வேண்டுமா? மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கிலோகலோரி. கொழுப்பில் 9.

இன்சுலினை ஏன் மாத்திரையா தரக்கூடாது?

வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வந்திருக்கும். மலேசியாவில் பலர் "இனிப்பு நீர்" என்று சொல்வார்கள். பாட்டி ஏன் தினமும் ஊசி குத்திக்கொள்ளவேண்டும்?

காரணம்: இன்சுலின் ஒரு புரதம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. 20 வகைப் பெட்டிகள். எந்தப் பெட்டிக்குப் பின் எது என்ற வரிசைதான் எல்லாம். அந்த வரிசைப்படி சங்கிலி தானாக மடிந்து ஒரு வடிவம் எடுக்கும். வடிவம் இருந்தால்தான் வேலை நடக்கும். முட்டையை அவித்தால் வெள்ளை கெட்டியாகிறதே, அது வடிவம் குலைவதுதான். பெட்டிகள் கழலவில்லை, மடிப்பு மட்டும் அவிழ்ந்துவிட்டது. அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க உங்கள் சமையலறையில் வழியில்லை.

இன்சுலின் சிறிய புரதம், 51 அமினோ அமிலங்கள். அதன் வரிசையை முழுமையாகக் கண்டறிந்தவர் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஃபிரெடரிக் சாங்கர். 1958இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். இதை மாத்திரையாக விழுங்கினால் வயிறும் சிறுகுடலும் பருப்பை எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் பார்க்கும். நொதிகள் கொக்கிகளைக் கழற்றிவிடும். ரத்தத்துக்குப் போய்ச் சேருவது வெறும் உதிரிப் பெட்டிகள். அதனால்தான் ஊசி.

இதே கணக்கைக் கொல்லாஜன் பானங்களுக்கும் போட்டுப் பாருங்கள். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் கொல்லாஜன். அதில் 3 சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1950களில் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும் என்று காட்டும் "ராமச்சந்திரன் வரைபடம்" 1963இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

நீங்கள் குடிக்கும் கொல்லாஜன் அந்த முறுக்கோடு போய்க் கன்னத்தில் உட்காருவதில்லை. சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைந்துதான் உள்ளே போகிறது. அவற்றை எங்கே பயன்படுத்துவது என்பதை உடம்புதான் முடிவு செய்யும். விளம்பரம் முடிவு செய்யாது.

20 அமினோ அமிலங்களில் 9 வகைகளை நம் உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பிட்டுத்தான் பெறவேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் கிடைக்கும். இட்லி, தோசை, பொங்கல், பருப்புச் சோறு எதை எடுத்தாலும் இந்த ஜோடி இருக்கிறது. சைவம் சாப்பிட்டால் புரதம் போதாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆனால் சோறு மலைபோலவும் பருப்பு ஒரு கரண்டியுமாக இருந்தால் கணக்கு சரிவராது.

தாத்தாவின் அறிக்கையில் இருக்கும் அந்த எண்

பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை செய்வார்கள். "நேத்து இனிப்பு சாப்பிடல, நம்பர் குறையும்" என்று தாத்தா நம்பிக்கையோடு போவார். குறையாது.

ஏன்? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைய இருந்தால், நொதி எதுவும் இல்லாமலேயே அது ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். எளிதில் விடாது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே, எத்தனை விழுக்காடு ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த 2, 3 மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பத்தியம் இருப்பதில் பயனில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த எண் சரியான நிலையைக் காட்டாமல் போகலாம். தென்கிழக்காசியாவில் தலசீமியா மரபணு உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏஆர்டிக்கும் பிசிஆருக்கும் என்ன வித்தியாசம்?

இதுதான் கடைசி வகை: நியூக்ளிக் அமிலம். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் இதில் சேரும். 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரீட்ரிஷ் மீஷர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். எதிலிருந்து தெரியுமா? நோயாளிகளின் கட்டுத்துணியில் ஒட்டியிருந்த சீழிலிருந்து.

டிஎன்ஏவில் 4 வகைப் பெட்டிகள் மட்டுமே. மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால், எந்த அமினோ அமிலத்தை அடுத்துக் கோக்கவேண்டும் என்ற குறிப்பு கிடைக்கும். அதாவது டிஎன்ஏவின் பெரிய வேலை, புரதத்துக்குச் செய்முறை சொல்வது. ஆர்என்ஏ அந்தச் செய்முறையின் நகல்.

ஏஆர்டி கருவி தேடுவது கிருமியின் புரதத்தை. இரண்டு கோடு தெரியவேண்டுமானால் அந்தப் புரதம் போதுமான அளவு இருக்கவேண்டும். பிசிஆர் தேடுவது கிருமியின் ஆர்என்ஏவை. அதை டிஎன்ஏவாக மாற்றி, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் ஏஆர்டியில் தெரியாத தொற்று பிசிஆரில் தெரிந்தது. நீங்கள் குணமான பிறகும் பிசிஆர் சில நாள் "இருக்கு" என்று சொன்னதற்கும் அதுவே காரணம். மிச்சம் கிடந்த ஆர்என்ஏ துண்டுகளையும் அது விடாது.

சிங்கப்பூரில் 2020 டிசம்பர் 30ஆம் தேதி போடத் தொடங்கிய ஃபைசர் தடுப்பூசியில் நாம் இதுவரை பார்த்தவற்றில் மூன்று வேலை செய்தன. உள்ளே கிருமியின் கூர்ப்புரதத்துக்கான ஆர்என்ஏ. அதைச் சுற்றிக் கொழுப்பாலான நுண்துளி. ஊசி போட்டபின் உங்கள் உயிரணுக்களே தயாரித்தது புரதம். நம் மரபணுவை அது மாற்றிவிடும் என்ற வதந்தி அப்போது பரவியது. அந்த ஆர்என்ஏ, டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்குள் போவதே இல்லை. செய்முறையைப் படித்து முடித்ததும் உயிரணு அதைச் சிதைத்துவிடும்.

பாட்டியின் ஊசிக்கும் இதில் பங்குண்டு. முன்பு இன்சுலினைப் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுத்தார்கள். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். முஸ்லிம்களும் இந்துக்களும் இருக்கும் நம் சமூகங்களில் அது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை. மனித இன்சுலினுக்கான டிஎன்ஏ குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே தயாரிக்கவைத்த இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இப்போது கிடைக்கும் இன்சுலினில் பெரும்பகுதி இப்படிப் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ தயாரித்ததுதான்.

அப்போ சத்துப் பட்டியலில் டிஎன்ஏ ஏன் இல்லை?

நல்ல கேள்வி. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றும் பொட்டலத்தின் பின்னால் இருக்கின்றன. டிஎன்ஏ மட்டும் இல்லை. நாம் சாப்பிடும் கீரை, மீன், கோழி எல்லாவற்றிலும் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் சக்தி அற்பம். தேவையான பெட்டிகளை உடம்பே தயாரித்துக்கொள்ளும்.

சிலருக்கு மட்டும் அது கணக்கில் வரும். நியூக்ளிக் அமிலப் பெட்டிகளில் பியூரின் என்றொரு ரகம் உண்டு. அதை உடைத்தால் யூரிக் அமிலம் மிஞ்சும். சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகும்போது மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படியும். பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்கும் அந்த வலிதான் கவுட். உயிரணுக்கள் நெருக்கமாக அடங்கிய ஈரல், முழுதாகச் சாப்பிடும் நெத்திலி போன்றவற்றில் பியூரின் அதிகம். உங்கள் மாமாவுக்குக் கவுட் இருந்து, நாசி லெமாக்கில் நெத்திலியைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார் என்றால், அவர் ஒதுக்குவது அதில் இருக்கும் டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும்தான்.